பதிவாகிப்போன பேய்: ‘தி ஸ்டோன் டேப்’ படத்தின் பின்னணி

1972 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு. பிரிட்டனில் பிபிசி 2 அலைவரிசை ஒன்றரை மணி நேரப் படம் ஒன்றை ஒளிபரப்பியது. ‘தி ஸ்டோன் டேப்’ என்று பெயர். எழுதியவர் நைஜல் நீல், இயக்கியவர் பீட்டர் சாஸ்டி. தியேட்டர் பக்கமே போகாமல் டிவிக்காக மட்டும் எடுக்கப்பட்ட பேய் வீட்டுக் கதை. பேய் பங்களாப் படங்கள் அதற்கு முன்னும் எத்தனையோ வந்தன, பின்னும் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பார்த்து முடித்த இரவோடு தீர்ந்துவிடும். இந்தப் படம் தீரவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும் இதைப் பற்றி எழுதுகிறார்கள், வாதாடுகிறார்கள். பேய் தேடிப் போகிறவர்கள் இதிலிருந்து ஒரு கொள்கையையே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் வரும் பேய்க்கு நோக்கம் என்று எதுவும் கிடையாது என்பதுதான் முதல் காரணம். நிறைவேறாத ஆசை இல்லை, பழிவாங்கும் வெறி இல்லை, வீட்டை விட்டு ஆட்களைத் துரத்தும் எண்ணம் இல்லை. தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே அதற்குத் தெரியாது. ஒரு வேலைக்காரப் பெண் ஓடுகிறாள், படி ஏறுகிறாள், அலறுகிறாள், விழுகிறாள். மறுபடியும் ஓடுகிறாள். கதையில் வரும் பொறியாளர்கள் அதை உயிரோ ஆவியோ என்று கருதவில்லை. எப்போதோ நடந்த சாவு ஒன்று அந்த அறையின் கல்லில் பதிவாகியிருக்கிறது, அது இப்போது திரும்ப ஓடுகிறது, அவ்வளவுதான் என்கிறார்கள். அப்படிச் சொன்னதும் பயம் குறைய வேண்டும். ஆனால் படம் அங்கிருந்துதான் பயத்தைக் கட்ட ஆரம்பிக்கிறது.

கதை இது. ரையன் எலக்ட்ரிக்ஸ் என்ற நிறுவனம், ‘டாஸ்கர்லாண்ட்ஸ்’ என்ற பழைய விக்டோரியா காலத்து மாளிகையைப் புதுப்பித்து ஆராய்ச்சிக்கூடமாக மாற்றுகிறது. குழுவின் தலைவன் பீட்டர் ப்ராக். காந்த நாடாவுக்கு மாற்றாக, அதைவிடப் பன்மடங்கு சிறிய, வேகமான பதிவு ஊடகம் ஒன்றைக் கண்டுபிடித்து ஜப்பானியரை முந்த வேண்டும் என்பது அவனுக்கு இடப்பட்ட வேலை. குழுவில் ஜில் க்ரீலி என்ற பெண் இருக்கிறாள், கணினி நிரல் எழுதுபவள். படம் அவளோடுதான் தொடங்குகிறது. மாளிகை வாசலில் காரை நிறுத்துகிறாள். நிறுவனத்தின் இரண்டு பெரிய லாரிகள் பின்னோக்கி வந்து அவள் காரை நசுக்கப் பார்க்கின்றன. ஓட்டுநர்களுக்கு அவள் இருப்பதே தெரியாது. பேய் வருவதற்கு வெகு முன்பே படத்தின் முக்கியமான அபாயம் என்ன என்று அந்த ஒரு நிமிடம் காட்டிவிடுகிறது. ஜில்லின் குரல் அங்கே யார் காதிலும் விழாது.

மாளிகையில் ஒரே ஒரு அறை மட்டும் வேலை முடியாமல் கிடக்கிறது. கணினித் தரவுகளைச் சேமிக்க ஒதுக்கப்பட்ட அறை அது. வேலையாட்கள் உள்ளே போக மறுத்துவிட்டார்கள். சுவரை மூடியிருந்த பழைய மரப் பலகைகளைப் பிரித்தால் உள்ளே வீட்டைவிடப் பல நூற்றாண்டு மூத்த கற்சுவர் தெரிகிறது. அதில் எங்கும் போய்ச் சேராத கல் படிக்கட்டு. பலகைக்குப் பின்னாலிருந்து போர்க் காலத்து இறைச்சி டின்கள் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் அங்கே தங்கிய அமெரிக்கப் படையினர் விட்டுப்போனவை. கூடவே ஒரு குழந்தை கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய பழைய கடிதமும் இருக்கிறது. பொம்மை கேட்கும் கடிதம் இல்லை. தயவுசெய்து போய்விடு என்பதுதான் அந்தக் குழந்தை கேட்கும் பரிசு. அது யாரிடம் சொல்லப்பட்டது என்று படம் விளக்குவதே இல்லை. கிறிஸ்துமஸ் இரவு, பரிசுகளைப் பிரித்து முடித்துவிட்டு டிவி முன் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதிய நீலின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு ஏன் பேய்க் கதை என்று நம் ஊர் வாசகர் கேட்கலாம். ஆங்கிலேயருக்கு அது பழைய வழக்கம். குளிர்காலத்தின் நீண்ட இரவுகளில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க் கதை சொல்வார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் அந்த வழக்கத்துக்கு அச்சில் புகழ் சேர்த்தார். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் எம். ஆர். ஜேம்ஸ் என்ற அறிஞர் கிறிஸ்துமஸ் நேரத்தில் நண்பர்களைக் கூட்டி, தான் எழுதிய பேய்க் கதைகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்துக் காட்டுவார். 1971 முதல் பிபிசி 1 ஜேம்ஸின் கதைகளை ஆண்டுக்கு ஒன்றாக அழகான குறும்படங்களாக எடுத்து ஒளிபரப்பிவந்தது. பிபிசி 2-இன் நாடகப் பிரிவு தன் பங்குக்கு நீலிடம் ஒரு பேய்க் கதை கேட்டது. அவர் கொடுத்ததில் குதிரை வண்டியும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பும், செய்தியைத் தாளில் அச்சடிக்கும் டெலிபிரிண்டரும் இருந்தன.

நீலிடம் கேட்டால் அப்படித்தான் வரும் என்று அன்றைய பார்வையாளர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 1922-இல் பிறந்து, பழங்கதைகள் நிறைந்த மேன் தீவில் வளர்ந்தவர் அவர். 1953-இல் ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் மூலம் பிரிட்டிஷ் டிவி நாடகத்துக்கே புது முகம் கொடுத்தவர். 1958 இறுதியில் தொடங்கிய மூன்றாவது குவாட்டர்மாஸ் தொடரிலும் இதே போன்ற வேலையைச் செய்திருந்தார். லண்டனில் ஒரு தெருவில் காலங்காலமாகப் பேய் நடமாட்டம் என்பார்கள். தோண்டினால் மண்ணுக்கடியில் வேற்றுக்கிரகக் கலம் இருக்கும். மூடநம்பிக்கையை அறிவியல் விளக்கிவிடும், ஆனால் அந்த விளக்கம் பேயைவிட மோசமானதாக இருக்கும். இது நீலின் கைத்தடம்.

‘தி ஸ்டோன் டேப்’புக்கான பொறி அவர் நேரில் போய்ப் பார்த்த ஓர் இடத்திலிருந்து வந்தது. பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு அப்போது சர்ரே மாவட்டத்தின் கிங்ஸ்வுட் வாரன் என்ற பழைய மாளிகையில் இயங்கியது. கோபுரம் வைத்த பிரபு வீடு. உள்ளே போனால் கம்பிகள், மின்னணுக் கருவிகள், வெள்ளைச் சட்டைப் பொறியாளர்கள், உற்சாகமான கூச்சல். டிவி திரையில் எழுத்துச் செய்திகளைக் காட்டும் ‘சீஃபாக்ஸ்’ திட்டத்தை பிபிசி பொறியாளர்கள் அறிவித்ததும் அதே 1972-இல்தான். அந்த இளைஞர்களின் வேகமும் அந்தக் கட்டடத்தின் வயதும் நீலின் கண்ணில் ஒன்றாகப் பட்டிருக்கின்றன. படத்தில் ப்ராக்கின் ஆட்கள் சத்தம் போட்டுக்கொண்டு, கிண்டலடித்துக்கொண்டு, பேயைக் கண்டதும் பயப்படுவதற்குப் பதில் சின்னப் பையன்களைப் போலக் குதிப்பது அங்கிருந்து வந்ததுதான்.

படப்பிடிப்பு நடந்த வீட்டுக்கும் தனிக் கதை உண்டு. மாளிகையின் வெளிப்புறக் காட்சிகளை 1972 நவம்பரில் சர்ரேயில் உள்ள ஹார்ஸ்லி டவர்ஸில் எடுத்தார்கள். அது லவ்லேஸ் பிரபுவின் மாளிகை. அவருடைய மனைவிதான் எய்டா லவ்லேஸ், கவிஞர் பைரனின் மகள், கணினி நிரலின் முன்னோடி என்று இன்று உலகமே சொல்லும் பெண். சார்லஸ் பாபேஜ் வடிவமைத்த கணக்கிடும் எந்திரத்துக்கான அவருடைய குறிப்புகள் 1843-இல் வெளிவந்தன. ஒரு பெண் நிரலாளர் செத்துப்போகும் கதையை முதல் பெண் நிரலாளரின் வீட்டு வாசலில் எடுத்திருக்கிறார்கள்.

பாபேஜைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1837-இல் அவர் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயம் இப்படிப் போகிறது. நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் காற்றின் துகள்களை அசைக்கிறது. அந்த அசைவு பக்கத்துத் துகளுக்குப் போகிறது, அதிலிருந்து அடுத்ததற்கு. அது முழுக்க அழிவதே இல்லை. ஆகவே காற்று ஒரு பெரிய நூலகம், மனிதர் பேசிய எல்லாமே அதன் பக்கங்களில் இருக்கின்றன, போதிய கணித அறிவுள்ள ஒருவரால் அதை வாசிக்க முடியும் என்கிறார். கொலைகாரனின் செயலும் அப்படிச் சுற்றுப்புறத்தில் நிலையாகப் பதிந்து நிற்கும் என்பது அவர் வாதம். ‘தி ஸ்டோன் டேப்’பின் மையக் கருத்து இதன் நேரடி வாரிசு போல இருக்கிறது. பாபேஜ் காற்று என்றார், நீல் கல் என்றார். அந்த மாளிகையின் பழைய சொந்தக்காரர்களைப் படக்குழுவில் யாரேனும் நினைத்துப் பார்த்தார்களா என்பது வேறு விஷயம். பாபேஜின் எண்ணமும் நீலின் கதையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இடத்துக்கு நினைவு உண்டு என்ற எண்ணம் பாபேஜோடு நிற்கவில்லை. 1882-இல் லண்டனில் தொடங்கிய அமானுஷ்ய ஆய்வுச் சங்கம் பேய் பார்த்ததாகச் சொன்னவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்தது. அதை அலசியவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பேய்களில் பல எதுவும் பேசுவதில்லை, எதிரில் இருப்பவரைக் கவனிப்பதில்லை, ஒரே இடத்தில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. அறிவுள்ள ஆவி இப்படியா நடந்துகொள்ளும்? அப்படியானால் அந்த இடமே எதையோ பிடித்து வைத்திருக்கிறதோ என்று அவர்களில் சிலர் எழுதினார்கள். 1961-இல் டி. சி. லெத்பிரிட்ஜ் என்ற கேம்பிரிட்ஜ் தொல்லியலாளர் அதே திசையில் ஒரு நூல் எழுதினார். நீல் செய்த புதுமை, டேப் ரெக்கார்டர் இருக்கும் உலகத்துக்கு அதைக் கொண்டுவந்ததுதான். ஒலியைப் பிடித்து வைக்கலாம், வேண்டும்போது ஓட்டிக் கேட்கலாம் என்பது 1972-இல் வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி. ஒலி கேசட் வந்து ஒன்பது ஆண்டாகியிருந்தது. சோனியின் யூ-மேட்டிக் வீடியோ கேசட் முந்தைய ஆண்டுதான் சந்தைக்கு வந்திருந்தது. ஜப்பானியரைப் பார்த்து ப்ராக் பதறுவது அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் மின்னணுத் தொழிலின் உண்மையான பதற்றம்.

கல்லில் குரல் பதியுமா? பதியாது. ஆனால் கல்லுக்குக் காந்த நினைவு உண்டு என்பது மெய். எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மாக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் ஏறத்தாழ 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வந்ததும், அந்த நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருந்ததோ அதை அப்படியே பிடித்துக்கொள்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகும் அதை அளக்கலாம். கடற்தரை விரிவதை நிறுவியதில் இந்தக் கல் நினைவுக்குப் பெரிய பங்கு உண்டு. சுட்ட களிமண்ணும் இப்படித்தான். பழைய சூளைகளின் காலத்தைத் தொல்லியலாளர்கள் அதை வைத்துக் கணிக்கிறார்கள். ஆனால் இது ஒரு திசையை ஒரே தடவை எழுதிக்கொள்ளும் நினைவு. நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறும் ஒலியை வரிசைப்படி எழுதிக்கொள்ள நாடா நகர வேண்டும், பதிக்கும் முனை இருக்க வேண்டும், பிறகு வாசிக்க ஒரு கருவி வேண்டும். சுவரில் இதில் எதுவும் இல்லை.

அந்தக் கடைசிச் சிக்கலுக்கு நீல் கண்ட வழி அபாரமானது. அறையில் மைக்ரோஃபோன்களை வைத்துப் பதிவு செய்கிறார்கள். எல்லாரும் அலறலைக் கேட்டு உறைந்து நிற்கும் நேரத்திலும் டேப்பில் ஒன்றும் விழவில்லை. காற்றில் ஒலியே இல்லை. குழுவில் ஒருவனுக்கு எதுவுமே கேட்கவில்லை. சிலருக்குக் கேட்கிறது, பார்க்க முடியவில்லை. ஜில்லுக்கு மட்டும் எல்லாம் தெரிகிறது. அப்படியென்றால் வாசிக்கும் கருவி மனித மூளைதான், அதில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு கூர்மை என்று ப்ராக் முடிவுக்கு வருகிறான். பேய் சிலர் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்ற பழைய வழக்குக்கு இதைவிடக் கச்சிதமான விளக்கத்தை நான் எந்தப் பேய்ப் படத்திலும் பார்த்ததில்லை. அதே மூச்சில் அது ஜில்லை ஒரு மனுஷியிலிருந்து ஒரு கருவியாக இறக்கிவிடுகிறது. அதன் பிறகு ப்ராக் அவளைக் கருவியாகத்தான் நடத்துகிறான்.

ப்ராக் அவளுடைய மேலதிகாரி, காதலனும்கூட. வேறு குடும்பம் உள்ளவன். மைக்கேல் பிரையன்ட் இந்தப் பாத்திரத்தை ஓயாத சத்தமாக நடித்திருக்கிறார். கத்துவது, கட்டளையிடுவது, ஆசை காட்டுவது எல்லாம் ஒரே சுருதியில். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஒரு முழு இசை நாடகத் தொகுப்பையே பேரிங் குண்டு ஒன்றுக்குள் அடக்கிவிடலாம் என்று அவன் கனவு விரிக்கும் இடம் இன்றைக்குப் பார்க்கையில் வேறு விதமாக ஒலிக்கிறது. அவன் கேட்ட சாதனம் இப்போது எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. அன்றைக்கு அது வெறும் வெறி. ஜில்லாக வரும் ஜேன் ஆஷர் நேர்மாறாக, மெல்லிய குரலில், சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டிய களைப்போடு நடித்திருக்கிறார். மாளிகை நிர்வாகியாக வரும் இயன் கத்பர்ட்சன் மட்டும்தான் கதையில் அவளுக்கு ஓரளவாவது காது கொடுப்பவர்.

கதையின் இரண்டாம் பாதி ஓர் அழிப்பில் தொடங்குகிறது. ப்ராக் அந்த அறைக்குள் எல்லாக் கருவிகளையும் கொண்டுவந்து இறக்கி, பேய் எப்படி ஓடத் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அதன் மீது ஒலியையும் ஒளியையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சுகிறான். அந்தப் பேரிரைச்சலில் அந்தப் பெண்ணின் பதிவு மங்கி, ஒரு கட்டத்தில் காணாமல் போகிறது. ஆராய்ச்சிப் பொருளையே ஆராய்ச்சி துடைத்துவிட்டது. பேய் போய்விட்டது என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். ப்ராக்குக்கு அவமானம், ஆத்திரம். ஜில்லுக்கு மட்டும் இன்னும் ஏதோ தெரிகிறது.

இந்த இடத்தில் காந்த நாடா எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சொல் தெரிந்திருந்தால் நல்லது. பிளாஸ்டிக் நாடாவில் இரும்பு ஆக்சைடு துகள் பூசியிருக்கும். புதிதாகப் பதியும்போது முதலில் அழிக்கும் முனை உயர் அதிர்வெண் காந்தப்புலத்தால் பழைய பதிவைக் கலைத்துவிடும், அடுத்த முனை புதியதை எழுதும். அழிக்கும் முனை பலவீனமாக இருந்தாலோ கொஞ்சம் விலகியிருந்தாலோ பழையது முழுக்கப் போகாது. டேப் ரெக்கார்டர் காலத்தில் ஒரே கேசட்டில் மேல் மேலாகப் பாட்டுப் பதிந்தவர்களுக்கு இது தெரியும்: இரண்டு பாட்டுக்கு இடையிலான அமைதியில், என்றோ பதிந்த யாருடைய பேச்சோ மெலிதாகக் கேட்கும். ஜில் தன் கணினி அலசலில் காண்பது அதைத்தான். வேலைக்காரப் பெண்ணின் பதிவு கடைசியாக எழுதப்பட்டது, அதனால் பலமாக இருந்தது. அதன் கீழே இன்னொன்று இருக்கிறது. அதற்கும் கீழே இன்னும் பழையவை, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தையவை, உருவமே தேய்ந்துபோனவை. மேல் அடுக்கைத் துடைத்ததன் மூலம் ப்ராக் அவற்றைத் திறந்துவிட்டிருக்கிறான். அந்த இடத்தில் ஒரு காலத்தில் பேயோட்டும் சடங்கு நடந்து தோற்றுப்போன செய்தியும் அவளிடம் இருக்கிறது. வேலைக்காரப் பெண் எதைக் கண்டு ஓடிப் படியேறி விழுந்தாள் என்று அதுவரை ஒருவருமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. ஒரு பதிவை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தவர்கள், அதன் சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று யோசிக்கவில்லை.

இதை ஒளிபரப்பிய பிபிசி அதே ஆண்டுகளில் தன் சொந்த நாடாக்களை அழித்துக்கொண்டிருந்தது. அன்றைய இரண்டு அங்குல வீடியோ நாடா விலை மிகுந்தது, திரும்பப் பயன்படுத்தக்கூடியது. மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்கள் கட்டுப்பாடு விதித்தன. வீட்டில் படம் வாங்கிப் பார்க்கும் சந்தை என்று ஒன்று அப்போது இல்லை. ஆகவே ஒளிபரப்பு முடிந்த நாடகங்கள் மேல் புதியவை எழுதப்பட்டன. எல்லாவற்றையும் காக்க வேண்டும் என்ற முறையான காப்பகக் கொள்கை 1978 வாக்கில்தான் உருவானது. நீலின் படைப்புகளே இதில் பலத்த அடி வாங்கியவை. முதல் குவாட்டர்மாஸ் தொடரின் ஆறு பகுதிகளில் இரண்டு மட்டுமே மிச்சம். மற்ற நான்கும் நேரலையாகப் போய்க் காற்றில் கலந்தன. வண்ணத்தில் எடுத்த அவருடைய 1968 நாடகம் இன்று கறுப்பு வெள்ளைப் பிரதியாக மட்டும் இருக்கிறது. 1971-இல் ஓர் அறிவியல் புனைவுத் தொடருக்கு எழுதிய இன்னொரு பேய்க் கதை இல்லவே இல்லை.

எனக்கு மிக வலிப்பது ‘தி ரோட்’. 1963 செப்டம்பரில் ஒளிபரப்பான நாடகம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கிராமம், பக்கத்துக் காட்டில் பேய்க் கூச்சல், அதை அறிவியல் கண்ணோடு ஆராயும் ஒரு நிலக்கிழார். கடைசியில் அங்கே கேட்பது கடந்த காலத்தின் குரல் இல்லை என்று பார்வையாளருக்குத் தெரியவரும். அணுகுண்டு விழும் நேரத்தில் சாலையில் சிக்கிய மக்களின் அலறல் பின்னோக்கிக் கசிந்து அந்தக் காட்டில் கேட்கிறது. ‘தி ஸ்டோன் டேப்’புக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை. அதன் ஒரு நொடிக் காட்சி கூடக் காப்பகத்தில் இல்லை. எழுத்துப் பிரதி பிழைத்ததால் பிபிசி வானொலி 2018-இல் அதை மறுபடி நடித்து ஒலிபரப்பியது. நீல் 2006-இலேயே இறந்துவிட்டார். ‘தி ஸ்டோன் டேப்’ வண்ணத்தோடு முழுசாகத் தப்பியது. 2001-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதை டிவிடியாக வெளியிட்ட பிறகுதான் ஒரு புதிய தலைமுறை அதைப் பார்த்தது.

படத்தில் குறைகள் உண்டு, நிறையவே உண்டு. ஸ்டூடியோவில் பல கேமரா வைத்து வீடியோவில் எடுத்தது என்பதால் மாளிகையின் உள்ளறைகள் மேடை அமைப்பாகத் தெரிகின்றன. ஜப்பானியரைக் கேலி செய்யும் பேச்சு இன்று காது கூசுகிறது. ப்ராக்கின் போட்டியாளனாக வரும் வாஷிங் மெஷின் ஆராய்ச்சிக்காரரின் பகுதி நகைச்சுவைக்காக நுழைக்கப்பட்டது, அது படத்தைத் தளர்த்துகிறது. திகில் படங்களுக்குப் பேர்போன ஹாமர் நிறுவனத்துக்காக டிராகுலா படம் எடுத்து அனுபவம் பெற்ற சாஸ்டி நடிகர்களைச் சில நேரம் தேவைக்கு மேல் கத்த விட்டிருக்கிறார். முடிவில் ஜில்லைச் சூழும் அந்தப் பழைய சக்தியை வெறும் வண்ண ஒளித் திட்டுகளாகக் காட்டியிருக்கிறார்கள். தந்திரக் காட்சிக்குப் பழகிய இன்றைய கண்ணுக்கு அது எளிய வேலைப்பாடு.

ஒலிக்கு மட்டும் எந்தச் சலுகையும் தேவையில்லை. பிபிசியின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பின் டெஸ்மண்ட் பிரிஸ்கோ அமைத்தது. மின்னணு ஒலி, தேய்ந்த முனகல், அந்த அலறல். கதை முழுக்க ஒலிப்பதிவைப் பற்றியது என்பதால் இங்கே ஒலியமைப்பு பின்னணி வேலையாக ஒதுங்கி நிற்கவில்லை, அதுவே பேயாக நடிக்கிறது. ஒலிநாடாவை வெட்டி ஒட்டி, வேகம் மாற்றி, திருப்பி ஓட்டி வேலை பார்த்த ஒரு கூடத்தைச் சேர்ந்தவர், நாடாவே பேயாகும் கதைக்கு ஒலி கொடுத்திருக்கிறார். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்க்கச் சொல்வேன்.

முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. ஜில் தனியாக அந்த அறைக்குப் போகிறாள். கீழ் அடுக்கு விழித்துக்கொள்கிறது. அவள் அதே படியில் ஏறி ஓடி, அதே இடத்திலிருந்து விழுந்து சாகிறாள். விசாரணையில் ப்ராக் அவளை மனநிலை சரியில்லாதவளாகச் சித்திரித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். அவள் எழுதி வைத்த அலசல் தாள்கள் அனைத்தையும் அழிக்கிறான். பின்பு ஒருமுறை அந்த அறைக்குள் நுழைகிறான். கல் புதிய பதிவை ஓட்டுகிறது. ஜில் அவன் பெயரைச் சொல்லி உதவிக்குக் கதறுகிறாள். தாளை எரித்தவனால் அதை எரிக்க முடியாது. அவன் தேடிய அழியாத ஊடகம் கிடைத்துவிட்டது, அதில் இருப்பது அவனுக்கு எதிரான சாட்சி. பேய்ப் படங்களில் இத்தனை நியாயமான தண்டனையை வேறெங்கும் கண்டதாக நினைவில்லை. ஆனால் அதற்கான விலையை ஜில்தான் கொடுக்கிறாள், அந்தப் படிக்கட்டில் முடிவில்லாமல்.

படத்தின் பெயர் இன்று பேய் வேட்டைக்காரர்களின் சொல்லகராதியில் இருக்கிறது. பழைய கோட்டையில் உருவம் தெரிந்தது, ஆனால் அது நம்மைக் கண்டுகொள்ளவில்லை என்றால் ‘ஸ்டோன் டேப் கொள்கை’ என்று விளக்குகிறார்கள். சுவரில் குவார்ட்ஸ் இருக்கிறது, சுண்ணாம்புக் கல் இருக்கிறது என்று காரணம் அடுக்குகிறார்கள். கதாசிரியர் ஒருவர் கிறிஸ்துமஸ் நாடகத்துக்காகப் பழைய ஊகத்துக்கு மாட்டிய நவீனச் சட்டை அது என்று பலருக்கும் தெரியாது. உண்மையான ஆராய்ச்சிக்கூடத்தில் உண்மையான பொறியாளர் ஒருவர் பேயைத் துரத்திய கதையும் இருக்கிறது. பிரிட்டனில் விக் டாண்டி என்பவர் தான் வேலை செய்த கூடத்தில் இனம் புரியாத அச்சத்தையும் ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவத்தையும் உணர்ந்தார். மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டிய வாள் தகடு தானாக அதிர்வதைக் கண்டு அளந்து பார்த்தார். புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் மின்விசிறி, காதுக்குக் கேட்காத 19 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 19 அதிர்வாக, அறையில் நகராமல் நின்று அதிரும் நிலை அலையை உண்டாக்கியிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் பேய் போய்விட்டது. 1998-இல் அதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ப்ராக் செய்திருக்க வேண்டிய வேலை அது: கண்டதை முதலில் அளந்து பார்ப்பது, விற்பதைப் பிறகு யோசிப்பது.

பேய் வேட்டைக்காரர்கள் நீலிடமிருந்து எடுத்துக்கொண்டது முதல் பாதியை மட்டும் என்பது என் வருத்தம். பதிவு தீங்கற்றது, சும்மா ஓடும், வேடிக்கை பார்க்கலாம் என்ற பாதி அது. துடைத்தால் கீழே என்ன இருக்கும் என்ற பாதியைத் தொடவில்லை. அதைத் தொட்டவர் பீட்டர் ஸ்ட்ரிக்லண்ட். 2015 அக்டோபர் 31 அன்று பிபிசி வானொலி 4-க்காக அவர் இதே கதையை வெறும் ஒலியில் மறுபடி உருவாக்கினார். ஜேன் ஆஷர் அதில் ஒரு சிறு பாத்திரத்தில் வருகிறார். வண்ண ஒளித் திட்டுகள் இல்லாததால் அந்தக் கீழ் அடுக்கு அங்கே இன்னும் பெரிதாகக் கேட்கிறது. ஆனாலும் முதலில் 1972 படத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேளுங்கள். அந்தக் கற்படியைக் கண்ணால் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.